பழைய சீட்டில் வாங்கும் இதய மாத்திரை

200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடலுக்குள் மருந்து சிதையும்போது நாளொன்றுக்கு ஆறேழு மில்லிகிராம் அயோடின் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. வளர்ந்த ஒருவருக்குத் தினமும் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம்தான். அதாவது, தேவையைப் போல 40 மடங்கு. சீரற்ற இதயத் துடிப்புக்காக இந்த மாத்திரையை விழுங்குபவரின் தைராய்டு சுரப்பி இந்த வரத்தை நாள்தோறும் சமாளித்தாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சமாளித்துவிடுகிறது. சிலருக்குச் சுரப்பி சோர்ந்துபோகிறது. வேறு சிலருக்குக் கட்டுமீறிச் சுரக்கிறது. இரண்டையும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பரிசோதனையை எழுதித்தர வேண்டியவர் யார், தேதி தவறினால் நினைவூட்ட வேண்டியவர் யார் என்று கேட்டால், நம் மருத்துவ ஏற்பாட்டில் பதில் இல்லை.

பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய சில நாட்களில் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்குவது அபூர்வமல்ல. மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு வருகிறது. அதை அடக்க அமியோடரோன் கொடுக்கிறார்கள். பலருக்கும் சில வாரங்கள் கொடுத்தால் போதும். ஆனால், ஊர் திரும்பும் நோயாளியின் கையில் இருப்பது ஆங்கிலத்தில் அச்சான டிஸ்சார்ஜ் சம்மரி. பத்துப் பன்னிரண்டு மருந்துகளுக்கு நடுவே இதுவும் ஒரு வரி. எதற்காக, எதுவரை என்ற விவரம் பல நேரம் இருக்காது; இருந்தாலும் வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஆளிருக்காது. மாதம் பிறந்தால் மகனோ மருமகளோ அந்தத் தாளை மருந்துக் கடையில் நீட்டுவார்கள். “அதே மாத்திரைதானே?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் எடுத்துப்போடுவார். தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி, பிறகு அதற்கும் நகல் எடுத்து, ஆறு வாரத்துக்கு எழுதியது ஆறு வருடம் ஓடும்.

மருந்துக்குப் பக்க விளைவு இருப்பது செய்தியல்ல. பாராசிட்டமாலுக்கும்கூட உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளைத் தனியாகப் பேசக் காரணம், அவற்றில் பலவற்றுக்கு நன்மை செய்யும் அளவுக்கும் தீமை செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிலவற்றின் தீமை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். இவற்றை எழுதித் தருவது சிகிச்சையில் பாதிதான். அடுத்த பாதியான கண்காணிப்பு, இங்கே நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

அமியோடரோன் முதலில் துடிப்புக்கான மருந்தாகவே பிறக்கவில்லை. எகிப்தில் சிறுநீரகக் கல் வலிக்கு மக்கள் பயன்படுத்திவந்த கெல்லா என்ற செடியின் வேதிப்பொருளை அடியொற்றி, 1960-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக இதை உருவாக்கினார்கள். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி மருத்துவரான பிரமா சிங், ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர் வான் வில்லியம்ஸுடன் சேர்ந்து 1970-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் துடிப்பு அடக்கும் குணத்தை உலகுக்குச் சொன்னது. அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 1985-ல் இதை அனுமதித்தபோது, உயிருக்கு ஆபத்தான கீழறைத் துடிப்புக் கோளாறுகளுக்கு, அதுவும் வேறு மருந்துகள் கைகொடுக்காதபோது மட்டும் என்று வரம்பு கட்டியது. நுரையீரல், கல்லீரல், துடிப்புக் கோளாறே முற்றுவது ஆகிய மூன்றையும் சொல்லும் மிகக் கடுமையான எச்சரிக்கை அங்கே இதன் குறிப்பேட்டில் கட்டம் கட்டி அச்சாகிறது. மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு அந்த அமைப்பு இன்றுவரை இதை முறைப்படி அனுமதிக்கவில்லை. ஆனால், உலகெங்கும் அதிகம் எழுதப்படுவது அதற்குத்தான். இதில் மருத்துவர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. இதயம் பலவீனமான நோயாளிக்குத் தர முடிந்த துடிப்பு மருந்துகள் வெகு சில. அவற்றில் வலுவானது இது. மாரடைப்பில் துடிப்பு குலைந்து மயங்கி விழுந்தவரை மீட்கும் அவசர சிகிச்சையிலும் இதற்கு இடமுண்டு.

சிக்கல், இது உடலை விட்டுப் போக மறுக்கும் மருந்து என்பது. கொழுப்பில் கரைந்து நுரையீரல், கல்லீரல், தோல், கண் என்று படிந்துகொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பின் உடலில் உள்ளதில் பாதி குறையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகிறது. சிலருக்கு நான்கு மாதத்தையும் தாண்டுகிறது. அதனால் இன்று நிறுத்தினால் நாளைக்கே சரியாகிவிடும் என்ற கணக்கு இதனிடம் செல்லாது. தைராய்டு சோர்ந்தால் உடம்பு கனக்கும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், எப்போதும் தூக்கம் தூக்கமாக இருக்கும். 70 வயதுக்காரர் இதைச் சொன்னால் வீட்டில் “வயசாயிடுச்சில்ல” என்பார்கள். தைராய்டு மிகையானால் உடல் இளைக்கும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு திரும்பிவரும். படபடப்பு திரும்பியதைப் பார்த்து, காரணத்தைத் தேடாமல் அதே மாத்திரையை இன்னும் கூட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

நுரையீரல் பாதிப்பு குறைவானவர்களுக்கே வருகிறது, வந்தால் ஆபத்து. வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சுவாங்கல், லேசான காய்ச்சல் என்றுதான் தொடங்கும். இதய நோயாளிக்கு மூச்சுவாங்கினால் இதயம்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள்; ஊர் மருத்துவர் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் எழுதுவார். இந்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குப் புதிதாக இருமலோ மூச்சுவாங்கலோ வந்தால் முதலில் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவப் பாடநூலில் இருக்கிறது. நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. வெயில் பட்ட தோல் எளிதில் சிவந்து எரிவதும், வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் முகம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாவதும் இதன் விளைவுகளே. தமிழ்நாட்டு வெயிலில் வயலுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவருக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், தலையில் துண்டு போடுங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கருவிழியில் நுண்துகள் படிவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. அதனால் பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை. பார்வை திடீரென மங்கினால் மட்டும் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும், மாத்திரையின் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு.

இத்தனைக்கும் தேவைப்படும் கண்காணிப்பு பெரிய செலவில்லை. தொடங்கும்போது தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே, இசிஜி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனைகள் இரண்டும். எக்ஸ்ரேயும் இசிஜியும் வருடத்துக்கு ஒருமுறை.

துடிப்பு மருந்துகளின் வரலாற்றில் ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு. அதை இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் இடையிடையே கூடுதல் துடிப்புகள் வருகிறவர்கள் திடீரென இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்று 1970-களிலேயே கண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் மரணத்தைத் தடுக்கலாம் அல்லவா? கேட்டவுடன் தலையாட்ட வைக்கும் தர்க்கம். அமெரிக்காவில் ஏராளமான மருத்துவர்கள் அதை நம்பி எழுதினார்கள். அதை நிரூபிக்கத்தான் ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளும் கூடுதல் துடிப்புகளை அருமையாக அடக்கின. அடக்கியது உறுதியான நோயாளிகளை மட்டுமே பொறுக்கியெடுத்து ஆய்வில் சேர்த்தார்கள். 1989-ல் ஆய்வை அவசரமாக நிறுத்த வேண்டிவந்தது. 1991-ல் வெளியான முழுக் கணக்கின்படி, மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26. சராசரியாகப் பத்து மாதங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. இசிஜி அழகாகிக்கொண்டிருந்தது; ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

என்கைனைடு சந்தையிலிருந்தே போய்விட்டது. ஃப்ளெகைனைடு இன்றும் இருக்கிறது. மாரடைப்பு வராத, தசை பழுதுபடாத இதயங்களில் மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு நன்றாக வேலைசெய்கிறது. ஒரே மருந்து ஒருவர் இதயத்தில் உதவியாகவும் இன்னொருவர் இதயத்தில் எமனாகவும் இருக்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரையை “எனக்கும் அதே படபடப்புதான்” என்று இரவல் வாங்கிச் சாப்பிடும் நம் பழக்கத்தை என்னவென்பது? இப்போது கைக்கடிகாரமே துடிப்பைப் பதிவுசெய்து காட்டுகிறது. ‘எக்ஸ்ட்ரா பீட்’ இருக்கிறது என்று மிரண்டுபோய் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலருக்கு இதயத்தில் பழுது எதுவும் இருக்காது. மருந்தே வேண்டாம், காபியைக் குறைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பும் மருத்துவர்மீது நமக்குக் கோபம் வருகிறது. சீட்டு எழுதாத மருத்துவருக்கும் ஃபீஸ் கொடுக்கப் பழக வேண்டிய காலம் இது.

தாறுமாறான துடிப்பின் வேகத்தைக் குறைக்கத் தரும் டிஜாக்ஸின் மாத்திரையின் கதை இதைவிடப் பழையது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங், இந்த மருந்தினத்துக்கு மூலமான ஃபாக்ஸ்கிளவ் என்ற செடியைப் பற்றி 1785-ல் எழுதிய நூலில், அதிகமாகக் கொடுத்தால் குமட்டல், வாந்தி, பொருட்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவது, நாடி மிகவும் தளர்வது, இறுதியில் மரணம் என்று ஒவ்வொன்றையும் பதிவுசெய்திருக்கிறார். 240 ஆண்டுகளாகத் தெரிந்த நஞ்சு. நம்மூர் மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே இனம்தான். டிஜாக்ஸினுக்கு எதிரான முறிமருந்து அரளி நஞ்சால் குலைந்த துடிப்பையும் நேர்ப்படுத்தும் என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் காட்டியது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோயாளிகள் நம்மிடையே இன்னும் இருப்பதால் இந்த மாத்திரை இங்கே புழக்கத்தில் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு, இரண்டு நாள் விடச் சொல்லும் வழக்கமும் உண்டு. விதிமுறை எதுவானாலும், டிஜாக்ஸின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. 50 வயதில் ஒத்துக்கொண்ட அளவு, சிறுநீரகம் தளர்ந்த 75 வயதில் நஞ்சாகலாம். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைத்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு கூடாமலேகூட நஞ்சின் குணம் தலைகாட்டும். கோடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும். அதற்காக எல்லோரும் பொட்டாசியம் உள்ள இளநீரை அள்ளிக் குடிக்கவும் கூடாது. சிறுநீரகம் கெட்டவருக்கு அது நேரெதிர் ஆபத்து.

இங்கே ஒரு சங்கிலியைக் கவனியுங்கள். டிஜாக்ஸின் மிகுந்துவிட்டதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் பசியின்மையும் குமட்டலும்தான். நம் வீடுகளில் குமட்டல் என்றால் அது கேஸ். கேஸ் என்றால் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், பான்டோபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல். அந்த டோம்பெரிடோனுக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூடி இடைவெளியை நீட்டிவிடும் குணம் இருக்கிறது. க்யூடி அளவுக்கு மேல் நீண்டால், கீழறைகள் திடீரென முறுக்கிக்கொண்டு துடித்து மயக்கமும் மரணமும் நேரலாம். இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பாவில் 2014-ல் டோம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல் தர வேண்டாம், துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் க்யூடியை நீட்டும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் தரவே வேண்டாம் என்று கட்டுப்படுத்தினார்கள். பிரிட்டனில் அதே ஆண்டு சீட்டில்லாமல் விற்பதையும் நிறுத்தினார்கள். நம் ஊரில் வருடக்கணக்காகக் காலையில் பல் துலக்கியதும் அதை விழுங்கிவிட்டு, பிறகு அமியோடரோனையோ சோடலால் என்ற இன்னொரு துடிப்பு மருந்தையோ சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவை இரண்டும் க்யூடியை நீட்டுபவை. சோடலாலைத் தொடங்கும்போது மூன்று நாளாவது மருத்துவமனையில் வைத்து இசிஜி பார்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி.

டோம்பெரிடோன் மட்டுமல்ல, தொண்டை வலிக்கு வாங்கும் அசித்ரோமைசின், படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளூகோனசோல், வாந்திக்கான ஒன்டான்செட்ரான் எல்லாம் இந்த வரிசையில்தான் வருகின்றன. தனியாக, சில நாட்களுக்கு என்றால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. துடிப்பு மாத்திரையுடன் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. தோல் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் “இதயத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன்” என்பதைச் சொல்லாமல் வருகிறவர் தன்னைத்தானே இருட்டில் நிறுத்திக்கொள்கிறார்.

அமியோடரோனும் டிஜாக்ஸினும் ஒரே சீட்டில் இருந்தால் டிஜாக்ஸினின் அளவு ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் பாதியாகக் குறைத்துத்தான் எழுத வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவற்றின் வேகத்தையும் அமியோடரோன் கூட்டுகிறது, அதுவும் உடனே அல்ல, சில வாரங்களில் மெல்ல மெல்ல. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை இரண்டு மூன்று வாரம் பார்க்காமல் விட்டால் பல் ஈறில் தொடங்கும் ரத்தக் கசிவு தலைக்குள்ளும் போகலாம். உறைதலைத் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று கேள்விப்பட்டு மாற்றித்தரச் சொல்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்களுக்குப் பழைய மருந்தே மேல் என்பதை, இந்தியாவையும் உள்ளடக்கிப் பல நாடுகளில் நடந்து 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு யாராவது நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கி எறிந்தால், இந்தக் கட்டுரை எழுதாமலே இருந்திருக்கலாம். மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களைத் திடீரென நிறுத்தினால் இதயம் முன்பைவிட வேகமாக எகிறும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். குறைப்பதென்றால் படிப்படியாகத்தான். ஆஸ்துமா உள்ளவர்களும், இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளும் இந்த மாத்திரை பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டுமே துப்பு. இன்னொரு ஆபத்து, மலிவு விலை மருந்தகங்கள் பெருகிவிட்ட இந்நாளில் ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் வீட்டுக்கு வந்து, இரண்டையும் சேர்த்து விழுங்கி, நாடி 40-க்கு இறங்கித் தலைசுற்றி விழுவது. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூலப்பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

என்ன செய்யலாம்? பிரிட்டனில் அமியோடரோனைச் சிறப்பு மருத்துவர்தான் தொடங்குவார். தொடர்ந்து எழுதப்போகும் குடும்ப மருத்துவரோடு யார் எந்தப் பரிசோதனையைப் பார்ப்பது என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வார். அவர்களிடமும் ஓட்டைகள் உண்டு. ஆனால், தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும். நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தரும் தன்னார்வலர், அந்த வீட்டில் துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம்: கடைசியாகத் தைராய்டு டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள், புதிதாக இருமலோ மூச்சுவாங்கலோ உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். புதிய கட்டிடம் வேண்டாம், புதிய பதவி வேண்டாம்.

அதைவிட எளிது டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் தமிழில் மூன்று வரி அச்சிடுவது. இந்த மாத்திரை எதற்காக, எந்தத் தேதிவரை, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது. பல லட்சம் ரூபாய்க்கு பில் போடும் தனியார் மருத்துவமனைகளுக்கு இந்த மூன்று வரி சுமையாகாது. தானாக அச்சிட மாட்டார்கள் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் மருத்துவமனைகளுக்காவது அரசு இதை நிபந்தனையாக்கலாம்.

மருந்துக் கடைகளையும் விட்டுவிட முடியாது. சீட்டு எத்தனை மாதப் பழசு என்று பார்ப்பதும், ஒரு வருடத்தைத் தாண்டிய சீட்டுக்கு “டாக்டரைப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்வதும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் தொழில் கடமை. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தில் யாரும் சொல்வதில்லை. எல்லாக் கடைகளும் சொன்னால் போவதற்கு அடுத்த கடை இருக்காது. அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவ்வப்போது கடைக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

மாத்திரையால் தைராய்டு கெட்டுப்போனவர் தைராய்டு மருத்துவரிடம் போகிறார், நுரையீரல் கெட்டவர் நெஞ்சக மருத்துவரிடம் போகிறார். அங்கே சிகிச்சை கிடைக்கிறது. இது இன்ன மருந்தால் வந்தது என்ற தகவல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதைச் சேர்த்துவைக்க 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அதற்கு மையங்கள் இருக்கின்றன. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம், பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. அந்த எண்ணை மருந்துக் கடைக் கண்ணாடியில், விலைத் தள்ளுபடி அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்ல ஓர் அரசு உத்தரவு போதும்.